பின்னிணைப்பில் 231

3 மார்ச் 2025, திங்கள்

எங்கள் கட்டுரை இருபத்தாறு தோட்டத் தொழிலாளர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது. எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயர் என்னுடையது.

இன்றைக்குத்தான் பார்த்தேன். லுணுகலை ரோட்டு வளைவுக்கு ஏறினால்தான் சிக்னல். என் ஆய்வுப் பக்கத்தைத் திறந்தேன்: எங்கள் கட்டுரைக்கு மேற்கோள் 38. ஏதோ ஒரு வெளிநாட்டுக் குழு எங்கள் பின்னிணைப்பு அட்டவணையை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது. சந்தோஷமாக வாசித்துக்கொண்டு போனவள் 231இல் நின்றுவிட்டேன். தோட்டச் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், முருகையா சித்தப்பாவின் நம்பர் அது.

இரண்டு வருஷத்துக்கு முன் இங்கே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பூச்சிமருந்து அடிக்கிற ஆண்களிடம் ரத்தம் எடுத்தேன். பேரைக் கேட்டால் நம்பரைச் சொன்னார்கள், காலையில் வேலைக்குப் பேர் போடும் பெரட்டில் சொல்வது போல. அதையே குழாயில் எழுதினேன். கொழும்பு ஆய்வுகூடத்தில் எவருக்கும் உறுத்தவில்லை. சரி, இதே தோட்டத்து லய வீட்டில் பிறந்த எனக்கு? எனக்கும் ஏன் உறுத்தவில்லை?

"நீங்கள் யாரென்று எவருக்கும் தெரியவராது" — அந்தத் தாளை நான்தான் சத்தமாக வாசித்துக் கையெழுத்து வாங்கினேன்.

நரம்புக்குத் தேவையான நொதியம் யாருக்கு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதெல்லாம் அட்டவணையில் இருக்கிறது. தோட்ட ஒபிஸ் பார்த்தால் மருந்தை நிறுத்தாது. ஆளை நிறுத்தும்.

4 மார்ச்

என் மேற்பார்வையாளர் ராமாமிர்தம் சேருக்குப் போன் எடுத்தேன்.

"அந்த நம்பர் எவனுக்கு விளங்கப்போகுது?"

"தோட்ட ஒபிசுக்கு விளங்கும் சேர்."

"தோட்டத்த நடத்துற தொர மூலக்கூற்று உயிரியல் வாசிக்கிறாரா? அப்ப அவருக்கும் ஒரு கலாநிதிப் பட்டம் குடுத்துருவோம்." சிரித்தார். பிறகு சிரிக்காமல்: "அட்டவணைய எடுக்கச் சொன்னா ஏன்னு கேப்பாங்க. நெறிமுறைக் குழு வரும். கட்டுரையே போயிரும். ஒனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான் துஷாந்தி. ஜெர்மனிக்காரன் அதைப் பாத்துத்தான் புலமைப்பரிசில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கான்."

தெரியும். அதுதான் பயமே.

7 மார்ச்

39. ஒரு மேற்கோள் கூடியதும் பக்கத்தை மூடியது இதுதான் முதல் தடவை.

9 மார்ச், ஞாயிறு

சித்தப்பா வந்தார். பிளேன்டீ கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏ புள்ள, அவ்வளவு ரத்தம் உறிஞ்சிட்டுப் போனியே. அட்டைகூட கடிச்சா ஒரு தடிப்ப விட்டுட்டுப் போகும். நீ ஒண்ணுமே சொல்லலியே?"

சித்தி: "அவ படிச்ச அட்டை. தடிப்பெல்லாம் விடாது."

எல்லோரும் சிரித்தோம். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சித்தப்பா" என்றேன்.

இருபத்தாறு பேரில் ஆகக் குறைவு அவருக்குத்தான். மருந்தடிப்பதை விட்டால் ஏறக்கூடியது. இரண்டு வருஷமாக அடித்துக்கொண்டே இருக்கிறார் — நான் வாயைத் திறக்காததால். சீ. என்ன பிறவி நான்?

13 மார்ச், பௌர்ணமி போயா

கோயில் வாசலில் கிரிஷாந்தன் பிடித்துக்கொண்டான். என்னோடு பள்ளியில் ஏ.எல். படித்தவன், இப்போது தோட்டத்தில் கிளாக்கர்.

"துஷா, ஒன் பேர் போட்ட பேப்பர் ஒண்ணு கொழும்பு ஹெட் ஒபிஸ்லருந்து வந்திருக்கு. தொர என்னைய செக்ரோல் எடுத்துட்டு வரச் சொன்னாரு."

"எதுக்குடா?"

"அத நீதான் சொல்லணும். மஞ்ச மையால கோடு போட்டிருக்கு. ஒம்பது எடத்துல."

வீட்டுக்கு வந்து என் பிரதியில் எண்ணினேன்: நொதியம் மிகவும் குறைந்தவர்கள் ஒன்பது பேர். முதலாவது 231.

17 மார்ச், திங்கள்

பெரட்டில் ஒன்பது பேருக்குப் பேர் போடவில்லை. வேலை இல்லை. "ஒடம்பு சரியில்லாதவங்க வீட்ல இருங்க" என்றாராம் கங்காணி. எத்தனை நாளைக்கு? "தொர சொல்ற வரைக்கும்."

சித்தப்பா நேரே எங்கள் லயத்துக்கு வந்தார். "எனக்கு என்னா நோவுன்னு கங்காணிக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல. ஒனக்குத் தெரியுமா?"

சொன்னேன். அளவு, குழாயில் எழுதின நம்பர், நான் சொன்ன பொய், எல்லாம். அந்த நம்பரை அட்டவணையிலிருந்து எடுக்கச் சொல்லி ஆய்விதழுக்கு இன்றைக்கே எழுதுகிறேன் என்றேன்.

"ஏன் எடுக்கணும்?" கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "ஒபிஸ்தான் பாத்தாச்சே. அது முருகையா, இந்த மருந்து அடிச்சுத்தான் இப்பிடி ஆச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. மத்தவங்களுக்கும் அப்பிடியே குடு. வெள்ளிக்கெழம பதுளை லேபர் ஒபிசுக்கு ஒம்பது பேரும் போறோம்."

19 மார்ச்

சேரிடமும் கையெழுத்துக் கேட்டு மெசேஜ் போட்டேன். பதில் ஒரு வரி: "மருந்தோடு தொடர்பு உண்டு என்றுதான் எழுதினோம், காரணம் என்று எழுதவில்லை. கவனம்."

கட்டுரையில் அந்த வரியை எழுதியதும் நான்தான்.

21 மார்ச், வெள்ளி

கடிதம் எழுதிவிட்டேன். அரைப் பக்கம். ஒன்பது பெயர்களும் மருந்தின் பெயரும் இருக்கின்றன. கீழே கையெழுத்துக்கு விட்ட இடம் மட்டும் காலி. போட்டால் நம்பரை வெளியே விட்டது யாரென்ற கேள்வி வரும், கட்டுரை போகும். நேர்காணல் திங்கட்கிழமை. மேற்கோள் 41.

ஒன்பது பேரும் வாசலில் நிற்கிறார்கள். வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார்கள். யாரும் உள்ளே வரவில்லை.

"புள்ள, பஸ் வந்துரும். போட்டுட்டியா?"

பேனை கையில்தான் இருக்கிறது. கடிதத்தில் அல்ல, இந்த டயரியில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"துஷாந்தி. கையெழுத்தப் போடு."