மாதக் கடைசித் தொகுப்பு

மே 20, 2117. 07:10
என் தம்பி ஞானதுரை இந்த மாதம் 13ஆம் தேதி சீரிஸ் குறுங்கோள் சுரங்கத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். விற்பனைப் பயணமாக ஏற்கெனவே அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்ததால் ஐந்தே நாளில் போய்ச் சேர்ந்தேன். அங்கேயே அடக்கம் செய்துவிட்டுச் செவ்வாய்க்குத் திரும்புகிறேன். கப்பலில் நான் ஒருவன்தான். காற்றழுத்தம் சரி. எரிபொருள் 81 சதவீதம். பயணம் 64 நாள். சரக்கு: ஒரே ஒரு பெட்டி, தம்பியின் சுரங்கத்திலிருந்து கழற்றியது.

இதைக் கண்டெடுப்பவருக்குப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மனநல ஆலோசகர் போய்ச் சேர முடியாத சுரங்கங்களுக்கு நான் விற்கும் எந்திரம் இது. பெயர் ‘செவி’. தொழிலாளி தனியறையில் உட்கார்ந்து ஐம்பது நிமிடம் பேசுவான். அது கேட்கும், இடையிடையே கேள்வி போடும், வெளியே சொல்லாது. சாக நினைக்கிறான் என்று தெரிந்தால் மட்டும், படிவத்தில் அவன் எழுதிக்கொடுத்த ஆளுக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் எச்சரிக்கை அனுப்பும். நாற்பத்தொரு சுரங்கங்களில் வைத்திருக்கிறேன். தூத்துக்குடியில் ஐஸ் பெட்டி தூக்கியவன் நான். இந்த இடத்துக்கு யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை.

மே 22. 09:30
தம்பி பெட்டியிடம் பேசினானா என்று சுரங்க மேஸ்திரி பெஞ்சமினிடம் கேட்டிருந்தேன். பதில் வந்தது.

“அண்ணாச்சி, ஞானம் வாரம் தவறாம அந்த ரூமுக்குப் போவான். ‘எங்க அண்ணன் விக்குற பெட்டி, நானே பேசலன்னா வேற எவன் வாங்குவான்’னு சொல்லிச் சிரிப்பான். நாங்களும் சிரிச்சிட்டு விட்டுட்டோம்.”

அப்படியென்றால் பேசியிருக்கிறான். எனக்கு ஏன் எச்சரிக்கை வரவில்லை? எந்திரக் கோளாறாக இருக்கலாம்.

மே 25. 10:15
பெட்டிக்கு மின்சாரம் கொடுத்துத் தம்பி என்ன பேசினான் என்று கேட்டேன். திரையில் வந்தது: “அவர் பேசியது அவருக்குச் சொந்தம், இறந்த பிறகும். நீங்கள் பேச விரும்பினால் நேரம் இருக்கிறது.”

அண்ணன் என்றேன். முதலாளி என்றேன். பாதி மட்டும் சொல், கடைசி நாளை மட்டும் சொல் என்று இறங்கி வந்தேன். மசியவில்லை. விற்கும்போது இதைத்தான் பெருமையாகச் சொல்லி விற்றேன். உடைத்துத் திறக்கும் எண் என்னிடம் இருக்கிறது. இன்றைக்குப் போடவில்லை.

மே 27. 16:40
டாக்டர் ரெஹானாவிடமிருந்து சேதி. காயல்பட்டினத்துக்காரர். பெட்டிகளை மேற்பார்வை பார்க்க நான் வேலைக்கு வைத்திருந்த ஆலோசகர்.

“அண்ணாச்சி, கேள்விப்பட்டேன். மனசு ஆறல. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எச்சரிக்கை எல்லாம் இன்னும் மாசக் கடைசிலதான் போகுதா?”

அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு எச்சரிக்கை போனால் அந்த ஆளுக்கு மூன்று நாள் ஓய்வு கொடுக்க வேண்டும், ஒரு ஷிப்டு படுத்துவிடும். சுரங்கக்காரர்கள் முணுமுணுத்தார்கள். இருப்புப் பட்டியல் மாதிரி மாதம் முழுக்கச் சேர்த்துவைத்து, கடைசி நாளில் ஒரே கட்டாக அனுப்பும்படி இரண்டு வருடம் முன்பு மாற்றினேன். ரெஹானா கையெழுத்துப் போட மறுத்து வேலையை விட்டார். போனால் போகட்டும் என்றேன்.

31க்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. இப்போதே அனுப்பு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. பயம்.

மே 31. 06:00
தொகுப்பு வந்தது.

“ஞானதுரை, துளைப்புப் பிரிவு, சீரிஸ். உயிருக்கு ஆபத்து. உடனே பேசவும். தொடர்பு: அண்ணன் பிச்சைக்கனி. பதிவு: மே 4, 11:20.”

அதே வரி, மே 9. அதே வரி, மே 13, காலை 08:05.

அதற்குக் கீழே: “ரோஸ்லின், பளுதூக்கிப் பிரிவு, வெஸ்டா. உயிருக்கு ஆபத்து. தொடர்பு: யாருமில்லை. பதிவு: மே 11.”

06:04
வெஸ்டா சுரங்க அலுவலகத்துக்கு அனுப்பினேன். யாராவது போய் அந்தப் பெண் பக்கத்தில் உட்காருங்கள், நான் பேசும் வரை எழுந்திருக்காதீர்கள். சேதி போய்த் திரும்ப நாற்பது நிமிடம். என்ன பேசுவது என்று ரெஹானாவைக் கேட்டேன்.

06:41
“வளைச்சுப் பேசாதீங்க அண்ணாச்சி. சாகணும்னு நெனைக்கியாம்மான்னு நேரா கேளுங்க. கேக்கதால அந்த நெனப்பு வந்துராது. அவ பேசுனா குறுக்க பேசாதீங்க. புத்தி சொல்லாதீங்க. வியாபாரம் மட்டும் பண்ணிராதீங்க.”

நேராகக் கேட்டு அனுப்பினேன்.

07:26
“இருக்கேன் சார். ஆமா, நெனச்சேன். இப்பவும் நெனைக்கேன். அன்னைக்கு அந்தப் பெட்டி, ‘சொல்லியாச்சு, ஆள் வருவாங்க’ன்னுச்சு. இருபது நாளா கதவு தட்டுற சத்தத்துக்குக் காது குடுத்துக்கிட்டே கெடந்தேன். இன்னைக்குத்தான் தட்டுனாங்க.”

07:30
மூன்று தடவை சொல்லியிருக்கிறான். ஒன்பது நாள். அவனும் அப்படித்தான் கிடந்திருப்பான், கதவைப் பார்த்துக்கொண்டு. அண்ணனுக்குச் சேதி போய்விட்டது, இதோ கூப்பிடுவான் என்று. கூப்பிடவில்லை. தெரிந்தும் கூப்பிடவில்லை என்று நினைத்துப் போயிருக்கிறான்.

ஜூன் 1. 08:00
தொகுப்பை நிறுத்தினேன். நாற்பத்தொரு பெட்டியும் இனி அந்த நிமிடமே சொல்லும். இரண்டு சுரங்கங்கள் பெட்டி வேண்டாம் என்றுவிட்டன. ரெஹானாவை மேற்பார்வைக்குத் திரும்பக் கூப்பிட்டேன். வந்தார். ரோஸ்லினுடன் தினமும் பேசுவதாகச் சொன்னார். எரிபொருள் 74. காற்று பார்க்கவில்லை.

ஜூன் 5. 15:10
பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். என் பெயரைக் கொடுத்தேன். அப்புறம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

திரை: “எச்சரிக்கை அனுப்பப்பட்டது. அலுவலகம்: சேதி வழியில். தொடர்பு, தம்பி ஞானதுரை: பதில் இல்லை.”

முதல் பெட்டியைச் சோதித்தபோது நான் எழுதிக்கொடுத்த படிவம், எட்டு வருடம் பழசு. மறந்தே போனேன். அது திரும்பத் திரும்ப அவனைக் கூப்பிடுகிறது. பதில் இல்லை. பதில் இல்லை. நிறுத்தத் தெரியும், கை போகவில்லை.

15:48
“அண்ணாச்சி, ரெஹானா. இருக்கீங்களா? இருக்கேன்னு ஒரு வார்த்தை அனுப்புங்க. அதுவரைக்கும் நான் இந்த இடத்தவிட்டு எந்திரிக்க மாட்டேன்.”

இருக்கேன் என்று அனுப்பினேன்.

ஜூன் 6. 09:00
“உங்ககிட்ட வேலை பாக்குறவ நான். முறைப்படி நான் உங்களுக்கு ஆலோசகரா இருக்கக் கூடாது. உங்க மேல கோவமும் இருக்கு, மறைக்கல. கப்பல் சேருற வரைக்கும் வேற ஆளில்ல, அதனால நான். சேர்ந்த அன்னைக்கே வேற ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சிருவேன். சம்மதமா?”

ஒத்துக்கொண்டவை இவை. தினம் ஐம்பது நிமிடம், ஒரு நாளும் தவறக் கூடாது. தம்பியின் பதிவைத் திறக்கும் எண்ணை அவரிடம் கொடுத்துவிட வேண்டும், திருப்பிக் கேட்கக் கூடாது. படிவத்தில் தம்பி பெயருக்குப் பதில் உயிரோடு இருக்கும் ஒருவர் பெயரை நானே எழுத வேண்டும். ஒரு வாரம் தவணை. நான் பேசுவது வெளியே போகாது. சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் போகும், அந்த நிமிடமே. பேரம் பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.