மேல் லயத்துக்கு நீ கேட்ட இரண்டு கமா

பண்டாரவளையில் புதிதாக ஒரு மரக்கறிக் கடை திறந்திருக்கிறார்கள். பலகையில் கரட்ஸ், லீக்ஸ் என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொரு சொல்லிலும் கடைசி எஸ்ஸுக்கு முன்னால் தேவையே இல்லாமல் ஒரு கமாவை மேலே தொங்கவிட்டிருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் பஸ்ஸைத் தவறவிட்டிருப்பாய். "அண்ணே, கரட்டுக்குச் சொந்தமா என்னங்க இருக்கு?" என்று கடைக்காரரைக் கேட்காமல் வந்திருக்க மாட்டாய்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் லயத்தில், கடைசித் தொங்கலில், உனக்கும் எனக்கும் அடுத்தடுத்த காம்பரா, ஆளுக்கொரு அறை. நீ பதுளையில் மனுக்கள் டைப் செய்யும் கடையில் வேலை பார்த்தாய். பிறர் மனுவில் ஒரு கமா பிசகினாலும் திருத்தாமல் விடமாட்டாய். "கொண்டு வந்தவரே சும்மா இருக்காரு, உனக்கென்னடி?" என்று நான் எத்தனை தடவை சலித்துக்கொண்டிருக்கிறேன்!

ஒரு வருடம் அடைமழையில் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்தது. மண்சரிவில் லயங்களோடு புதைந்த மீரியபெத்தையை நினைத்து எல்லோரும் நடுங்கிப்போனோம். இருபது குடும்பங்களுக்கும் வேறு இடத்தில் வீடு என்று அதிகாரிகளோடு பேசி முடித்த பிறகு, ஆங்கிலத்தில் கடிதம் தயாரானது. லயத்தின் சார்பில் நான் கையெழுத்துப் போட உன்னையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். பேனாவை எடுத்ததும் நீ என் கையைப் பிடித்தாய்.

"இருடி. இதுல கமா இல்ல."

எதிரே இருந்த யாழ்ப்பாணத்து அதிகாரி சிரித்தார். "பிள்ளை, நான் முப்பது வருசமா இங்கிலீசில கடிதம் எழுதுறன்."

"தெரியுங்க ஐயா. ஆனா இப்படியே வாசிச்சா, மேல் லயத்துல ஆபத்துல இருக்கிற குடும்பத்துக்கு மட்டும் வீடுன்னு அர்த்தம். 'ஆபத்துல இருக்கிற'ங்கிறதுக்கு ரெண்டு பக்கமும் கமா போடுங்க. மொத்த லயமும் ஆபத்துல இருக்கு, எல்லாருக்கும் வீடுன்னு ஆயிரும்."

"எல்லாரையும் நினைச்சுத்தானே எழுதினனாங்கள்?"

"நீங்க நினைச்சீங்க. நாளைக்கு இந்த நாற்காலிக்கு வேற ஆள் வருவாருங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெளியே மழையில் சனம் காத்து நின்றது. அவர் மூன்று தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை சொல்லுறது சரி," என்றார். தன் பேனாவாலேயே இரண்டு கமா போட்டு, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் வைத்தார்.

நீ சொன்னபடியே ஆள் மாறினார். புதியவர் வந்து, வெடிப்புக்கு அருகில் உள்ள எட்டுக் குடும்பங்களுக்குத்தான் வீடு என்றார். நம் இரண்டு காம்பராவும் அந்த எட்டில் இல்லை. கடிதத்தை நீட்டினோம். வாசித்தவர் எட்டை வெட்டி இருபது என்று எழுதினார். இருபது வீடும் எழும்பின. நாம் குடிபோன அடுத்த ஐப்பசியில் தொங்கல் காம்பராக்கள் மண்ணுக்குள் போயின. உள்ளே ஒருவரும் இல்லை.

புது வீட்டில் நீ இரண்டு வருடம்தான் இருந்தாய். நெஞ்சு நோய் கொண்டுபோய்விட்டது. அன்று நான் வெட்கப்பட்டதை நினைத்தால்தான் இப்போது வெட்கம். அந்த மேசையருகே உன் பக்கத்தில் நின்றவள் நான் என்று யாரிடமும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

இங்கிலீஷ் கடிதம் வந்தால் இப்போது என்னிடம் கொண்டுவருகிறார்கள். உன் அளவுக்கு எனக்கு வராது. வரிக்கு வரி விரல் வைத்துத்தான் படிக்கிறேன். "அக்கா, எங்க கையெழுத்துப் போடணும்?" என்று அவசரப்படுகிறார்கள்.

"உட்காருங்க," என்கிறேன். "மொதல்ல வாசிப்போம்."