வெள்ளை டப்பாவுக்குக் கட்டிய குடை

செப்டம்பர் 4

கம்பு ரொட்டி ஆறு. ஒன்று கருகியது. கருகியதற்குக் காரணம் ஹேத்தலின் போன். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்.

"ஜமனா அத்தை, மாமா படகுலேருந்து சேதி. படிக்கிறேன், கேளுங்க: 'எல்லாரும் நலம். வலை கிழிஞ்சுது, தைச்சாச்சு.'"

அவர் கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்! கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். படகு போனால் திரும்பும்வரை ஒரு சொல் வந்ததில்லை. போன மாதம் பாய்மரக் கம்பத்து உச்சியில் வெள்ளையாக ஒரு டப்பா பொருத்தினார்கள். அது சொல்வதை, நம் நாட்டிலேயே செய்து வானத்தில் நிறுத்திய செயற்கைக்கோள் வாங்கி வேராவல் கரைக்குத் தருகிறதாம். அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வலை கிழிந்தது வரைக்கும் தெரிகிறதே!

செப்டம்பர் 14

படகு வந்துவிட்டது. இந்தப் பயணத்தில் மொத்தச் செய்தி பதினொன்று. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

சாப்பிடும்போது அவர் சிரித்தார். "இத்தன வருஷம் விளக்கு ஏத்துனியே, உன் மாதா ஒரு கடுதாசி போட்டாளா? டப்பா பாரு, தினமும் போடுது."

கடலோடிகளைக் காக்கும் தெய்வம் சிகோதர் மாதாவைப் பற்றி இப்படிப் பேசலாமா? கடலில் போகிறவர். எனக்கு எழுதவே கை கூசுகிறது. எழுந்து போய் விளக்குக்கு எண்ணெய் விட்டேன்.

செப்டம்பர் 17

ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருந்தது. கம்பத்தின் உச்சி எப்போதும் மாதாவின் கொடிக்குத்தான். இப்போது கொடிக்கு மேலே டப்பா. குற்றமில்லையா? யோசித்து யோசித்து ஒன்று தோன்றியது. டப்பா காப்பாற்றுகிறது என்றால் அதுவும் அவள் வேலைதானே. அப்படியானால் அதற்கும் மரியாதை செய்ய வேண்டும்.

மாதாவின் தலைக்கு மேல் தொங்கவிட நேர்ந்துகொண்டு வாங்கிய பித்தளைக் குடை இருந்தது. சாப்பாட்டுத் தட்டை விட அகலம், நல்ல ஆழம். துறைமுகத்துக்கு எடுத்துப் போனேன். படகில் வேலை செய்யும் பீக்கு மேலே ஏறி, டப்பாவின் மேல் கவிழ்த்துக் கம்பியால் கட்டினான். அவர் ஐஸ் ஏற்றப் போயிருந்தார். திரும்பி வந்து அண்ணாந்து பார்த்தார். "வெயில் படக்கூடாதாக்கும்?" என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 18

படகு புறப்பட்டது. ஆட்கள் ஏழு. தேங்காய் ஒன்று கடலுக்கு.

செப்டம்பர் 19

செய்தி இல்லை.

செப்டம்பர் 20

செய்தி இல்லை.

செப்டம்பர் 23

நவராத்திரி இரண்டாம் நாள். விரதம். செய்தி இல்லை.

குழாயடியில், இன்னொரு படகின் தலைவர் டாயாபாயின் மனைவி மோங்கி எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "உன் வீட்டுக்காரரு டப்பாவ அணைச்சு வெச்சுட்டாரு. மீன் கெடைக்கிற எடத்த ஊருக்குக் காட்டிக் குடுத்துடுமேன்னு பயம். எங்க வீட்டுக்காரரு எல்லாம் அப்படியா?"

எங்கள் படகுக்கு அவர்தான் தலைவர். போகும் இடத்தைக் கூடப்பிறந்த தம்பியிடம்கூடச் சொல்லமாட்டார். செய்யக்கூடிய ஆள்தான். எனக்கு ஒரு வார்த்தை அனுப்பிவிட்டு அணைத்திருக்கக் கூடாதா? நானும் நம்பிவிட்டேன்.

செப்டம்பர் 28

புயல். நாளை மறுநாள் இரவுக்குள் கடல் பொங்குமாம். போன படகுகளின் டப்பாக்களுக்கெல்லாம் எச்சரிக்கை போய், ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. அலுவலகச் சுவரில் பெரிய திரை. ஒவ்வொரு படகும் ஒரு புள்ளி. எங்கள் படகுக்குப் புள்ளியே இல்லை.

ஹேத்தல் அழாத குறை. "வானத்துலேருந்து சொல்லிக்கிட்டேதான் இருக்கோம் அத்தை. அவங்களே அணைச்சு வெச்சிருந்தா நாங்க என்ன பண்றது?"

வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. மாதாவே.

செப்டம்பர் 29

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

விடிந்ததும் இந்த நோட்டைத்தான் பிரித்தேன். போன பயணம், செய்தி பதினொன்று. இந்தப் பயணம், ஒன்றும் இல்லை. என்ன மாறியது? ஆட்கள் அதே ஏழு பேர். டீசல் அதே அளவு. வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தேன். 17ஆம் தேதியில் விரல் நின்றது.

குடை.

இல்லை, இல்லை, இருக்காது — பூஜைத் தட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். அங்கே டிவியின் டிஷ் இருக்கிறது. அதன் வாயை மறைத்துத் தட்டைப் பிடித்தேன். கீழே ஓரகத்தி சம்பா கத்தினாள்: "அக்கா! படம் போச்சு! புயல் செய்தி பாத்துக்கிட்டிருக்கேன்!" தட்டை எடுத்தேன். "வந்துடுச்சு!" மறுபடியும் வைத்தேன். "அய்யோ, மறுபடியும் போச்சு. மேல என்னதான் பண்றீங்க?"

என்ன பண்ணினேன் நான்? என் கையாலேயே ஏழு பேரின் காதையும் வாயையும் அடைத்து அனுப்பியிருக்கிறேன்.

அலுவலகத்தில் கூட்டம். சொன்னால் வேராவலே சிரிக்கும். சொல்லாவிட்டால் அவர் அணைத்தார் என்றே இருக்கும், படகும் வராது. சொன்னேன். "அவரு அணைக்கல. நான்தான் குடைய வெச்சு மூடிட்டேன்." யாரோ, "டப்பாவுக்குக் குடையா!" என்று சிரித்தார்கள். ஹேத்தல் சிரிக்கவில்லை. "அணைக்கலயா? அப்போ குடைய எடுத்தாப் போதும் அத்தை!" என்று திரைப் பக்கம் திரும்பினாள்.

கடைசியாகத் திரும்பிக்கொண்டிருந்த படகு டாயாபாயுடையது. எங்கள் படகு தெற்கே போனதை அவர் பார்த்திருந்தாராம்; அதை வயர்லெஸ்ஸில் எட்ட வேண்டுமானால் அவர் ஒரு மணி நேரமாவது தெற்கே திரும்பிப் போக வேண்டும். எல்லாரும் மோங்கியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாதுன்னு அனுப்பு," என்றாள்.

ஹேத்தல் அடித்து அனுப்பினாள். குடையைக் கழட்டச் சொல், கரைக்கு வரச் சொல். அவ்வளவுதான் செய்தி.

ராத்திரிக்கு வீட்டுக்குப் போகவில்லை, அலுவலகத்திலேயே இருக்கிறேன்.

செப்டம்பர் 30

காலை 6.20. திரையில் ஒரு புள்ளி.

செய்தி: ஒன்று. "கழட்டியாச்சு. வர்றோம்."

அலுவலகத் தரையில் உட்கார்ந்து, என்னையும் அறியாமல் மோங்கியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "விடுடி, புடவை அவிழுது," என்றாள்.

அக்டோபர் 2

எங்கள் படகு நேற்றே வந்துவிட்டது, டாயாபாயுடையது அதற்கு முன்பே. ஏழு பேரும் நலம். வலை போயிற்று. மீன் பாதியைக் கடலிலேயே கொட்டிவிட்டார்கள்.

இன்றைக்குத்தான் அவரிடம் பேச வாய் வந்தது. "டப்பா வேல செய்யலன்னு உங்களுக்குத் தெரியவே இல்லியா?"

"ரெண்டாம் நாளே தெரியும். கேபின்ல சிவப்பு விளக்கு எரிஞ்சுது. குடைய எடுத்துடலாம்னு பீக்கு சொன்னான். நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"நீ நேந்துகிட்டு வெச்சது. கேலி பண்ணிப் பண்ணி உன்ன வாயத் தொறக்க விடாம ஆக்கிட்டேன். அதையும் பிடுங்கிப் போட்டுட்டு எந்த மூஞ்சியோட வீட்டுக்கு வர்றது?"

"ஏழு உசிரு! ஏழு உசிர வெச்சா எனக்கு மரியாத பண்றது?" — தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் தட்டைப் பார்த்தபடி இருந்தார். மாதாவை நம்பாத மனுஷன், பதினோரு நாள் அந்தக் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்திருக்கிறார். இந்த ஆளைத்தான் இருபத்தாறு வருஷமாக எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேனா?

அக்டோபர் 9

படகு புறப்பட்டது. ஆட்கள் ஏழு. தேங்காய் இரண்டு, ஒன்று மோங்கி கொடுத்தது.

குடை வீட்டுப் பூஜையறையில் மாதாவின் தலைக்கு மேல் இருக்கிறது. விளிம்பில் ஒரு நசுங்கல். கம்பத்தில் கொடி, அதற்கு மேலே டப்பா, அதற்கு மேலே ஒன்றும் இல்லை. கழுத்து வலிக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

மாலை 4.10. செய்தி: ஒன்று.

"இங்க நல்ல மழை. குடை இல்ல. நலம்."