ஹெட்நோட்டில் இல்லாத வாக்கியம்

சைனிக்புரி,
9-8-2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

ரஞ்சனாவின் நமஸ்காரம். மன்னிக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம். நான்தான் கொதித்துப்போயிருக்கிறேன்.

உன் சட்ட இதழ் வந்தது. ஜீவனாம்சம் பற்றி எங்கள் ஹைதராபாத் ஹைகோர்ட் சொன்ன தீர்ப்புக்கு நான் அனுப்பிய ஹெட்நோட்டில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. வழக்குப் போட்ட பிறகு வேண்டுமென்றே வேலையை விட்ட மனைவிக்கு இடைக்கால ஜீவனாம்சம் கிடையாது. படித்தவள் என்பது மட்டுமே மறுக்கக் காரணமாகாது. நீ அச்சிட்டிருப்பதோ, ‘சம்பாதிக்கத் தகுதியுள்ள மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது.’ தீர்ப்பில் இது எங்கே இருக்கிறது? அரசாங்கத்தின் வழக்குக் குறைப்புத் திட்டத்தைக் கண்டித்து நான் சேர்த்திருந்த பத்தியையும் காணோம். யாரைக் கேட்டு வெட்டினாய்? அடுத்த இதழில் திருத்தம் போடு.

உன் தங்கை,
ரஞ்சனா


மயிலாப்பூர்,
16-8-2004

அன்புள்ள ரஞ்சுவுக்கு,

ஆசீர்வாதம். நீ கொடுத்தனுப்பிய கோங்குரா தொக்கை மன்னி யாருக்கும் காட்டாமல் காலி பண்ணிவிட்டாள்.

ஹெட்நோட் என்பது தீர்ப்பின் தலையில் போடும் சுருக்கம். வக்கீல்கள் அவசரத்தில் படிப்பது. வேண்டியவர்கள் கீழே முழுத் தீர்ப்பையும் படித்துக்கொள்ளட்டும். அந்தப் பத்தி விஷயம் உனக்கே தெரியும். தேங்கிய வழக்குகளைக் குறைக்க தில்லியில் அமைக்கப்போகும் குழுவில் என் பெயர் அடிபடுகிறது. இந்த நேரத்தில் என் இதழே அந்தத் திட்டத்தைத் திட்டலாமா? உத்தரவு வரட்டும், பார்க்கலாம். உனக்குச் சின்ன வயசிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம்.

அன்புடன்,
அனந்தகிருஷ்ணன்


சைனிக்புரி,
6-9-2004

அண்ணா,

குசலம் விசாரிக்க மனசில்லை.

போவன்பள்ளி லூர்துமேரி என் கட்சிக்காரி. பி.காம். படித்தவள். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் புருஷன், இப்போது வீட்டு வாடகைகூடத் தருவதில்லை. அவள் இடைக்கால மனுவைக் குடும்ப நீதிமன்றம் வெள்ளிக்கிழமை தள்ளுபடி செய்துவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் நீட்டியது உன் இதழை.

“முழுத் தீர்ப்பையும் பாருங்கள்” என்று மன்றாடினேன். “ஹெட்நோட்டே தெளிவா இருக்கேம்மா, இன்னிக்குள்ளே எத்தனை கேஸ் முடிச்சுக் கணக்குக் காட்டணும் தெரியுமா?” என்று தெலுங்கில் அலுத்துக்கொண்டார் நீதிபதி. அந்த வக்கீல் சிரித்தபடி, “மேடம், எழுதினது நீங்கதானே? கீழே உங்க பேர்தானே போட்டிருக்கு?” என்றார்.

வராந்தாவில் லூர்துமேரி இந்த ஊர் உருதுவைக் கலந்து கேட்டாள்: “கைக்கு அக்கா, ஏன் இப்படி எழுதினீங்க? நான் படிச்சது தப்பா?” நான் எழுதவில்லை என்றேன். நம்பவில்லை. எப்படி நம்புவாள்?

என் வாக்கியத்தை வெட்டினாய். என் பெயரை மட்டும் ஏன் விட்டுவைத்தாய்? உடனே திருத்தம் போடு.

ரஞ்சனா


மயிலாப்பூர்,
13-9-2004

அன்புள்ள ரஞ்சு,

படித்து வருத்தப்பட்டேன். ஆனால் இப்போது திருத்தம் போட்டால் இதழின் மரியாதை என்னாவது? குழு அறிவிப்பு இந்த மாதமே வந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு மேல்கோர்ட் இருக்கிறதே. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல். நவராத்திரிக்கு வா, நேரில் பேசுவோம். நம் வீட்டு விஷயம் வெளியே போக வேண்டாம்.

அனந்து அண்ணா


சைனிக்புரி,
22-9-2004

அண்ணாவுக்கு,

வீட்டுச் சொந்தக்காரன் வாடகைக்குப் பொறுத்துக்கொள்வானா என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஹைகோர்ட்டில் சீராய்வு மனு போட்டாயிற்று. அச்சான ஹெட்நோட் நான் எழுதியதல்ல, ஆசிரியர் மாற்றியது என்று பிரமாணப் பத்திரம் கொடுத்திருக்கிறேன். சாட்சி சொல்கிறவளே வாதாட முடியாது என்பதால் வழக்கை வக்கீல் வரதராஜன் சாரிடம் ஒப்படைத்துவிட்டேன். என் கையைவிட்டு ஒரு வழக்கு இப்படிப் போனதில்லை.

ஆசிரியர் யார் என்று எழுத வேண்டியிருந்தது. அண்ணா என்று எழுத அங்கே இடமில்லை. அனந்தகிருஷ்ணன், தகப்பனார் பெயர் சாரங்கபாணி என்று எழுதினேன். அதே பக்கத்தில் என் பெயருக்குப் பக்கத்திலும் அந்தத் தகப்பனார் பெயர்தான் இருந்தது. டைப் அடித்த பெண் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “சரியாத்தான் இருக்கு, அடிம்மா” என்றேன்.

கோர்ட் உறை உன் கைக்கு வருமுன் நான் சொல்லிவிட வேண்டுமென்று எழுதுகிறேன். நவராத்திரிக்கு வரவில்லை. ஏன் என்று மன்னியிடம் நீயே சொல்.

ரஞ்சனா