நாற்பத்தெட்டு எண்கள்

மார்ச் 3, செவ்வாய்

லேப்டாப் இன்று காலை என்னை உள்ளே விடவில்லை.

எப்போதும் திறந்தவுடன் "வணக்கம், மைக்" என்று வரும். நான்கு எண் அடிப்பேன், திறந்துகொள்ளும். நேற்று ஏதோ அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோனது. சார்ஜர் கழன்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. இன்று வெறும் நீலத்திரை. மீட்புச் சாவியை உள்ளிடவும் என்கிறது. நாற்பத்தெட்டு எண்கள். எட்டுக் கட்டங்கள், கட்டத்துக்கு ஆறு.

எந்தச் சாவி? யார் எப்போது என்னிடம் கொடுத்தார்கள்?

என் நான்கு எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்துக் கட்டங்களை நிரப்பினேன். பிறகு பிறந்த தேதி. பிறகு போன் நம்பர். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். கை எதையாவது செய்துகொண்டிருந்தால் அழுகை வராது, அதற்காக.

உள்ளே இருப்பவை: ஆய்வேட்டின் நான்கு அத்தியாயங்கள். ஆஸ்பத்திரித் துப்புரவுப் பெண்கள் நாற்பத்தோரு பேர் என்னிடம் பேசிய பதிவுகள். இருபத்தொன்பதாவது பதிவு அம்மாவுடையது.

ஒப்படைக்க வேண்டிய நாள் 20.

மார்ச் 4, புதன்

மைக் என்பது என் அறைத்தோழி. மேடையைக் கண்டால் விடமாட்டாள் என்பதால் வகுப்பு வைத்த பெயர். நான் மியூட். இரண்டு பெயரையும் ஒரே நாளில் வைத்தார்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சிரித்தேன்.

என் லேப்டாப்பில் அவள் பெயர் வந்த கதை இது. முதல் வருஷம் உதவித்தொகையோடு இந்த லேப்டாப்பையும் கொடுத்தார்கள். பெட்டியைப் பிரிக்காமல் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அதற்கு முன்பு எழுதுகிற சாதனம் என்றால் சமையலறை ஆணியில் நூல் கட்டித் தொங்கும் பேனா ஒன்றுதான். எப்படித் தொடங்குவது என்று யாரையும் கேட்க வெட்கம். அவளே பார்த்துவிட்டாள். "கேட்டா வாய் வலிக்குமாடி உனக்கு? கொடு. இப்போதைக்கு என் ஐடில போட்டுத் தரேன், அப்புறம் மாத்திக்கலாம்."

மாற்றவே இல்லை. மாற்றச் சொன்னால் அவளை நம்பாத மாதிரி இருக்குமே என்று இருந்துவிட்டேன்.

மாலையில் சாவியைக் கேட்டேன். "அந்த ஐடியா? அது செத்துப்போச்சுடி. பழைய நம்பர்ல இருந்தது. நானே உள்ள போயி ஒரு வருஷம் ஆச்சு." தலையைத் தடவினாள். திங்கட்கிழமை அவளுக்கு ஆய்வு உதவித்தொகைக்கான மேடைப் பேச்சுத் தேர்வு, அதற்கு நடுவிலும் எனக்காகப் பால் காய்ச்சிக் கொண்டுவந்தாள்.

மார்ச் 5, வியாழன்

பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் மாடிப்படிக்கு அடியில் ஒரு ரிப்பேர் கடை. நடத்துவது ஓர் அக்கா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொண்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார்.

டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். "டிஸ்க் குத்துக்கல்லு மாதிரி நல்லா இருக்கு. பூட்டிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான். இது திருடனுக்குப் போடுற பூட்டு. சாவி இல்லாம நானும் திருடி, நீயும் திருடி."

"உடைக்க முடியாதாக்கா?"

"என் பேத்தி கல்யாணம் வரைக்கும் உட்கார்ந்து நம்பர் போட்டாலும் முடியாது. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல." பிறகு கேட்டார், "சாவி, ஐடி யாருதோ அவங்ககிட்ட இருக்கும். யார் பேர்ல?"

சொன்னேன். அக்கா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். எனக்கு ஏனோ கோபம் வந்தது. என் தோழியைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?

கிளம்பும்போது கேட்டார். அந்த ஐடியின் ஆன்லைன் கிடங்கிலிருந்து எப்போதாவது யாருக்காவது லிங்க் அனுப்பியிருக்கிறாயா? யோசித்தேன். வழிகாட்டி மேடத்துக்கு நவம்பரில் பதிவுகளின் லிங்க் அனுப்பினேன். மைக்தான் எடுத்துக் கொடுத்தாள்.

மார்ச் 6, வெள்ளி

மேடம் வெளியூரில். மெயில் போட்டேன். நான்கு வரி எழுத ஒரு மணி நேரம்.

மார்ச் 7, சனி

மேடம் லிங்க்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். கடையில் வைத்துத் திறந்தோம்.

எல்லாம் இருந்தது. நாற்பத்தோரு பதிவுகளும் வரிசையாக, ஒன்று குறையாமல். லேப்டாப்பில் நான் சேமித்ததெல்லாம் தானாகவே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அத்தியாயங்கள் மட்டும் வேறு கோப்புறை, அது இந்த லிங்க்கில் இல்லை. பரவாயில்லை. சந்தோஷத்தில் அக்காவின் கையைப் பிடித்துவிட்டேன்.

அப்போதுதான் கடைசியில் ஒரு புதுக் கோப்புறையைப் பார்த்தேன். பெயர்: என் களம். கடைசியாக மாற்றியவர்: மைக். மார்ச் 5, பிற்பகல் 3.40.

செத்துப்போன ஐடி.

திறந்தேன். திங்கட்கிழமைத் தேர்வில் திரையில் காட்டப்போகும் பக்கங்கள். 'நான் எட்டு மாதம் இந்தப் பெண்களோடு நடந்தேன்' என்று முதல் பக்கம். நான்காம் பக்கத்தில், மேற்கோள் குறிக்குள், பெரிய எழுத்தில், அம்மா சொன்னது:

"பன்னண்டு வருஷமா பினாயில்லயும் பிளீச்சிங் தண்ணியிலயும் கைய வச்சு ரேகை தேஞ்சு போச்சு. காலையில மெஷின்ல விரல் வச்சா நீ யாருன்னு கேக்குது. தினமும் நான் நான்தான்னு சூப்பர்வைசர்கிட்ட நிரூபிச்சிட்டுத்தான் துடைப்பத்தையே தொடணும்."

 அக்கா என் தோளைத் தட்டினார். "முதல்ல இறக்கு. அப்புறம் அழு."

நாற்பத்தொன்றும், அந்தக் கோப்புறையும் இறங்க இருபத்திரண்டு நிமிடம். பிறகு அழவில்லை. அழுகை வரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

லிங்க் இன்று வேலை செய்யவில்லை. யாரோ மூடிவிட்டார்கள். யாரோ!

அதே அறையில்தான் இருக்கிறோம். அவள் கண்ணாடி முன்னால் நின்று நாளைக்குப் பேசிப் பழகுகிறாள், என் பக்கம் திரும்பும்போது குரலைக் குறைத்துக்கொண்டு. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறேன். கேட்டுவிடலாம். ஏன் கேட்கவில்லை?

இன்னொன்று. லேப்டாப்பில் நான் 'சும்மா' என்று ஒரு கோப்பு வைத்திருந்தேன். மனதில் வந்ததை எழுதுவேன். தலைவலி என்று எழுதிய அன்று அவள் மாத்திரை வாங்கி வந்தாள். அப்பாவின் நினைவு நாள் என்று எழுதிய அன்று என்னை வெளியே கூட்டிப்போனாள். சொல்லாமலே என்னைப் புரிந்துகொள்ள ஒருத்தி இருக்கிறாள் என்று எவ்வளவு பெருமை எனக்கு! எல்லாவற்றையும் படித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

இனி காகிதம்தான். இந்த நோட்டு இரவிலும் என் பையில் இருக்கும்.

மார்ச் 9, திங்கள்

கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகத்தான் பேசினாள். அதுதான் தாங்கவில்லை. 'நீ யாருன்னு கேக்குது' என்ற இடத்தில் ஒரு நொடி நிறுத்தினாள், அம்மா நிறுத்தின அதே இடத்தில். பதிவை எத்தனை முறை கேட்டிருப்பாள்! அரங்கம் கைதட்டியது. பக்கத்திலிருந்தவள் கண்ணைத் துடைத்தாள்.

என் அம்மா அந்நேரம் மூன்றாம் மாடிக் கழிவறையில் இருந்திருப்பாள்.

மார்ச் 10, செவ்வாய்

துணி காயப்போடும் மொட்டை மாடியில் கேட்டுவிட்டேன். ஒத்திகை பார்த்துவைத்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "ஏன்டி?" என்றுதான் வந்தது.

முதலில் தெரியாதவள் மாதிரி நின்றாள். பிறகு கையிலிருந்த ஈரத்துணியை வாளியிலேயே போட்டாள்.

"மேடம் உன்னைத்தானே முதல்ல அப்ளை பண்ணச் சொன்னாங்க? மேடையில ஏறிப் பேசணும்னதும் மாட்டேன்னுட்டே. நாற்பத்தோரு பேர் கதைய வாங்கி வச்சுக்கிட்டு என்னடி பண்ணப்போறே? லைப்ரரி ஷெல்ஃப்ல தூசி படியும். யாராவது பேசணும்ல? நான் பேசினேன்."

"சாவி?"

"ஒரு வாரம். தேர்வு முடிவு வந்ததும் கொடுத்திருப்பேன். சத்தியமா."

"என் அம்மாடி அது."

"பேரு போடலையே நான்!"

 அவள் சொன்னதில் பாதி உண்மை. பாதி உண்மையை எதிர்த்து எப்படிக் கத்துவது? அவள் துணியைக் காயப்போட்டு முடித்தாள். என்னுடைய துப்பட்டாவையும் சேர்த்து, பழக்கதோஷத்தில்.

மார்ச் 12, வியாழன்

துறையில் புகார் எழுதிக் கொடுத்தேன். அவளும் எழுதிக் கொடுத்திருக்கிறாள்: பேட்டி எடுத்தது அவள், தட்டச்சு செய்து உதவியது நான். ஆதாரம், எல்லாக் கோப்பிலும் உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர்.

அந்த இடத்தில் அவள் பெயர்தான் இருக்கிறது. நானே விட்டுவைத்த பெயர்.

மார்ச் 14, சனி

வீட்டுக்குப் போனேன். அம்மா கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எல்லாம் சொன்னேன்.

"என் பேரைச் சொன்னாளா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? கைதட்டினாங்கன்னு வேற சொல்றே." சிரித்தாள். எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.  பிறகு, "ஆனா நான் உங்கிட்டதானே சொன்னேன்," என்றாள்.

இவ்வளவு நாள் வராத அழுகை அப்போது வந்தது. மைக் செய்தது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒவ்வொரு பேட்டி தொடங்கும்போதும் 'இதை வேற யாரும் கேக்க மாட்டாங்க' என்று சொன்னவள் நான். சொல்லிவிட்டு அடுத்தவள் வீட்டுப் பெட்டியில் போட்டுவைத்தவளும் நான்தான். இன்னும் நாற்பது பேரிடம் இதைப் போய்ச் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை துறை விசாரணையில் அம்மாவின் பதிவைப் போட்டுக் காட்டலாமா என்று கேட்டேன்.

"கேக்குறே பாரு, அது போதும். போடு," என்றாள். "சத்தமா போடு."

மார்ச் 16, திங்கள்

மேடம், இன்னும் இரண்டு பேர், மைக், நான். என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். மைக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசமாட்டேன் என்று அவளை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

அக்கா கொடுத்த பென் டிரைவை மேடத்தின் கம்ப்யூட்டரில் செருகி, இருபத்தொன்பதாவது பதிவை ஓடவிட்டேன்.

அம்மாவின் குரல்: "ஏய், முடிய ஒழுங்கா முடி. பேட்டி எடுக்கிற பொண்ணு மாதிரியா இருக்கே?"

என் குரல்: "அம்மா, ரெக்கார்டு ஓடுது."

"ஓடட்டும். சாப்பிட்டியா?"

"ம்மா!"

"சாப்பிட்டியான்னு கேட்டேன்."

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மற்ற இருவரும்கூட. அதன் பிறகு என் சின்னக் குரல், முதல் கேள்வியைக் கேட்கிறது. முழுதாக ஓடவிட்டார்கள். ரேகை வரும் இடத்தில் யாரும் கைதட்டவில்லை.

மைக் ஒரு தடவைகூடத் தலை நிமிரவில்லை.

மார்ச் 18, புதன்

அந்த ஆய்வு உதவி இந்த வருஷம் யாருக்கும் இல்லையாம். மைக் அறையைக் காலி செய்துவிட்டாள். அவள் கட்டிலில் மெத்தை இல்லாமல் பலகை தெரிகிறது. பால் காய்ச்சும் பாத்திரத்தை மறந்துவிட்டாளா, விட்டுவிட்டுப் போனாளா?

தேடுகிறேன் அவளை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் தேடுகிறேன்.

மார்ச் 20, வெள்ளி

நூலகக் கம்ப்யூட்டரில், பதிவுகளைத் திரும்பக் கேட்டு, நான்கு அத்தியாயத்தையும் மறுபடி எழுதினேன். பழையதை விடக் குட்டை. பெரிய வார்த்தைகள் குறைவு. மாலை 4.50-க்கு ஒப்படைத்தேன். கதவு ஐந்துக்கு மூடும்.

மார்ச் 24, செவ்வாய்

காலையில் கதவுக்கு அடியில் ஒரு காகிதம். எட்டுக் கட்டம், கட்டத்துக்கு ஆறு எண், அவளுடைய குண்டுக் கையெழுத்தில். கீழே 'ரெண்டு தடவ சரிபார்த்துட்டேன்' என்று மட்டும். மன்னிப்பு என்று எங்கேயும் இல்லை. காகிதத்தின் பின்பக்கத்தையும் பார்த்தேன்.

மார்ச் 25, புதன்

கடையில் அக்கா எண்களை வாசிக்க, நான் அடித்தேன். திறந்துகொண்டது. "வணக்கம், மைக்."

பழைய அத்தியாயங்கள் அப்படியே இருந்தன. அப்பா படம் ஒன்று இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன். 'சும்மா'வைத் திறக்கவில்லை.

"மீதி?" என்றார் அக்கா.

"அழிச்சிடுங்க."

"யோசிச்சுச் சொல்லு. திரும்பி வராது."

"தெரியும்க்கா."

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வெள்ளைத் திரை. இந்த லேப்டாப்பை யார் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்டது. கோடு ஒன்று விட்டு விட்டு மின்னியது. அக்கா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, தொலையாத கண்ணாடியைத் தேடினார்.

என் முழுப்பெயரையும் அடித்தேன். இதுவரை அவ்வளவு நீளம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

இருபத்தேழு பேரிடம் சொல்லியாயிற்று. ஒருத்தி திட்டினாள். இரண்டு பேர் தங்கள் பதிவை அழிக்கச் சொன்னார்கள், அவர்கள் கண் முன்னாலேயே அழித்தேன். மற்றவர்கள் தேநீர் கொடுத்தார்கள்.

லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விரல் வைத்தால் திறக்கும் வசதி இருக்கிறது என்று அம்மாவிடம் காட்டினேன். தன் விரலையும் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றாக. பத்து விரலில் ஒன்றைக்கூட அதற்குத் தெரியவில்லை.

"இதுவும் நம்ம சூப்பர்வைசர் சாதிதான்," என்றாள்.

அவளுக்குத் தனியாக ஒரு கணக்குத் திறந்தேன், அவள் பெயரில். விரலுக்குப் பதிலாக ஆறு எண். "என்ன நம்பர் போட?" என்று கேட்டாள்.

"எங்கிட்ட சொல்லாதே," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

முதுகுக்குப் பின்னால், ஒரு விரலால், மெதுவாக, ஆறு தட்டு கேட்டது.