சம்பாவுக்கு விழுந்த பூஜ்ஜியம்

ஐப்பசி, புதன் இரவு. மழை விட்டிருக்கிறது.

எங்கள் விதைநெல் கம்பெனியில் விளைச்சல் கணக்கை அலசத் தனி மென்பொருள் இருந்தது. அந்த வேலையை இப்போது கணக்குகள் சேமிக்கப்பட்டிருக்கும் டேட்டாபேஸுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டேன். ஊர், சாகுபடிப் பட்டம், ஆண்டு என்று எப்படித் திருப்பிக் கேட்டாலும் நொடியில் கூட்டித் தருகிறது. இன்று போன வருடக் கணக்கைக் கூட்டத்தில் காட்டினேன். குறுவை அழகாக வந்தது. சம்பாவுக்கு எல்லா ஊரிலும் பூஜ்ஜியம்.

"அப்ப சம்பா விதையக் கொறச்சுக்கலாமா?" என்றார் மேலாளர். அறையில் இருந்த எல்லோர் வீட்டு வயலிலும் சம்பாதான் நிற்கிறது. எல்லோரும் பூஜ்ஜியத்தைக் குறித்துக்கொண்டோம்.

கும்பகோணம் பஸ்ஸில் வரும்போது, ஜன்னலுக்கு வெளியே பச்சை நடவைப் பார்த்ததும்தான் உறைத்தது. இதை அறுக்கப் பொங்கல் வந்துவிடும். நானோ விதைப்பும் அறுப்பும் ஒரே ஆண்டில், டிசம்பருக்குள் முடிந்திருந்தால்தான் கணக்கில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இறங்கியதும் மேலாளருக்குப் போன் செய்தேன். "சம்பா விதையக் கொறச்சு ஆர்டர் போட்டுடாதீங்க சார். தப்பு என்னோடது."

"எனக்கும் இடிச்சுதும்மா. கம்ப்யூட்டரே சொல்லுதேன்னு விட்டுட்டேன்" என்றார்.

அதற்குச் சொல்லிக்கொடுத்தவளே நான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.