கைப்பிடியில் தொங்கிய பை

அண்ணா, இது அம்மாவின் கடிதம், கையெழுத்து மட்டும் என்னுடையது. அம்மா சொல்வதில் எதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா பேச்சில் சொல்வதை எழுத்துத் தமிழுக்கு மாற்றிக்கொள்கிறேன், மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே விடுகிறேன். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதால்தான் என்னை எழுதச் சொல்வதாக அம்மா சொல்கிறாள். கண்ணாடிக் கூடு அவள் கைப்பையில் இருப்பதை நான் பார்த்தேன், ஆனால் கேட்கவில்லை. நாங்கள் இப்போது தையல் பெரியம்மாவின் அறையில் இருக்கிறோம். மாலை மணி ஆறரை. பெரியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். இனி அம்மா.

என் அன்பு மகனுக்கு, ஆண்டவருடைய கிருபையால் இங்கே நாங்கள் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பியே இதை எழுதச் சொல்கிறேன். அப்பாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, பஸ் ஓட்டும்போது வலிப்பதில்லையாம், வீட்டு வேலை சொன்னால் மட்டும் வலிக்கிறதாம். தங்கை வகுப்பில் இரண்டாவது, பிழையோடு எழுதும் பெண் எப்படி முதலாவது வந்தாள் என்று ஒரு வாரமாக வீட்டில் விசாரணை நடக்கிறது. ஆமென் தாத்தா அப்படியேதான் இருக்கிறார், போன ஞாயிறு காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைகளுக்காக என்று போதகர் ஆரம்பித்ததுமே ஆமென் என்று முடித்துவிட்டார், “தாத்தா, அதுங்க குணமாகட்டும்னு நான் இன்னும் கேக்கவே இல்லையே” என்று போதகரே கண்ணைத் திறந்து சொல்லிவிட்டார். நீ அங்கே வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விட்டுவிடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நம் சபைப் பெண்கள் ஆளுக்கொரு நாள் முறை வைத்துத் தையல் அக்காவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று நான் போனில் சொன்னதை நீ அங்கே உன் ஐக்கிய ஜெபக் கூட்டத்தில் சாட்சியாகச் சொன்னாய் என்றும், எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள் என்றும், அங்கேயும் அதேபோல ஆரம்பிக்க எங்கள் ஒழுங்கை எழுதி அனுப்பும்படியும் கேட்டிருந்தாய். அந்தக் கடிதத்தை மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தேன், அன்றிலிருந்து வேதத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது. ஒழுங்கைச் சொல்கிறேன், முழுவதும் படித்துவிட்டு ஆரம்பி.

அக்காவுக்கு நெஞ்சு வலி வந்து தேறியபோது, தினமும் யாராவது ஒருவர் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் முறை. புதன் எனக்கு, வியாழன் தபால் ஆபீஸ் அக்காவுக்கு, வெள்ளி பாட்டு டீச்சருக்கு, சனி நர்ஸுக்கு, மற்ற நாள்கள் மற்றவர்களுக்கு. ஆரம்பத்தில் ஆர்வக் கோளாறில் ஒரே நாளில் மூன்று பேர் சாப்பாட்டோடு போய் நின்று, ஆளுக்கொரு ஜெபம் என்று ஒன்றரை மணி நேரம் ஆக்கிவிட்டோம். அக்கா கையில் பாதி தைத்த கல்யாண உடையை வைத்துக்கொண்டு, “நீங்க ஜெபிச்சு முடிக்கிறதுக்குள்ள இந்தப் பொண்ணுக்குப் பிள்ளையே பொறந்துடும், நான் அதுக்குத்தான் சட்டை தைக்கணும்” என்றார். நாங்கள் சிரித்துவிட்டு ஒரு ஒழுங்கு போட்டோம். கதவுக் கைப்பிடியில் சாப்பாட்டுப் பை தொங்கினால் அன்றைய முறை முடிந்தது என்று அர்த்தம், மற்றவர்கள் தட்டாமல் திரும்பிவிட வேண்டும். நல்ல ஒழுங்குதான் என்று போதகரும் பாராட்டினார்.

அந்தப் புதன்கிழமை நீ மூன்றரைக்குப் போன் பண்ணுவதாகச் சொன்ன நாள். உன்மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. மூன்று மணிக்குப் படி ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது, கதவடியில் வெளிச்சம் தெரிந்தது. டக், டக் என்று சத்தம் வந்தது, கொஞ்சம் நின்று மறுபடி டக். மெஷினில் உட்கார்ந்திருக்கிறார், சட்டையின் கைக்குழி வளைவு தைக்கிறார் போல, அதனால்தான் விட்டு விட்டு மிதிக்கிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்தால் பேச்சில் பிடித்து வைத்துக்கொள்வார், உன் போன் போய்விடும் என்றும் நினைத்தேன். பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு இறங்கிவிட்டேன். பாதிப் படி இறங்கும்போதும் அந்தச் சத்தம் கேட்டது, கொஞ்சம் வேகமாகக் கேட்டது. நீ போனில் பெரியம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டாய், இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன், மெஷினில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னேன். பார்க்கவில்லை, ராசா.

வியாழக்கிழமை தபால் ஆபீஸ் அக்கா வந்து, பை தொங்குவதைப் பார்த்து, யாரோ முந்திக்கொண்டார்கள் என்று தன் டப்பாவோடு திரும்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை பாட்டு டீச்சரும் அப்படியே. எல்லாம் என்னுடைய ஒரே பைதான். சனிக்கிழமை நர்ஸ் வந்தபோது பை நாறியது, அவள் நல்லவேளையாகத் திறந்து பார்த்துவிட்டுக் கீழ் வீட்டிலிருந்த சாவியை ஓடிப்போய் வாங்கினாள். இதுவரை உனக்குச் சொல்லவில்லை, அக்கா புதன் காலையிலேயே விழுந்திருக்கிறார், வலது பக்கம் முழுவதும் போய்விட்டது, வாயும் போய்விட்டது. இஸ்திரி போடும்போது துணியில் தெளிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை இடது கையால் இழுத்து அதைத்தான் மூன்று நாளும் குடித்திருக்கிறார். அந்தக் கையில் மர ஸ்கேல் இருந்தது, மேஜைக் காலில் அது பட்ட இடத்தில் பெயிண்ட் உரிந்து வெள்ளையாகத் தெரிகிறது, நான் இப்போது அதைப் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

மெஷின் ஓடியிருக்கவே முடியாது. அதன் பெல்ட் அறுந்து அப்போது பத்து நாள். அது எனக்குத் தெரியும், பெண்கள் கூட்டத்தில் ஜெபக் குறிப்புகளை வாசித்தவளே நான்தான். பெல்ட் கிடைக்க ஆண்டவர் வழி செய்யும்படி இரண்டு கூட்டங்களிலும் கண்ணீரோடு ஜெபித்தோம். பெல்ட் விற்கும் கடை ஆலயத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. ஒருவருக்கும் போய் வாங்கத் தோன்றவில்லை.

(அண்ணா, இங்கே என் பேனா நின்றுவிட்டது. வாராவாரம் அந்தக் குறிப்புகளை அழகாகப் படியெடுத்துக் கொடுப்பது நான். பெல்ட் என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் கோடுகூடப் போட்டேன். அந்தப் புதன்கிழமை அம்மா உன்னிடம் போனில் பெரியம்மா மெஷினில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். உண்மையாக எழுதுவேன் என்றதால் இதையும் எழுதுகிறேன். இன்னொன்று, அம்மா இன்று வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொல்கிறாள்.)

சத்தம் கேட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. “பை நம்மள ஏமாத்திடுச்சு, யாரும் காரணம் இல்ல” என்று கூட்டத்தில் எல்லோரும் சொன்னபோது நானும் தலையாட்டினேன். ஆனால் தபால் ஆபீஸ் அக்கா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. “பையைத் தொட்டுப் பாத்திருந்தா ஆறிப் போயிருக்கறது தெரிஞ்சிருக்கும், நான் ஒருத்தி தொட்டிருந்தா ரெண்டு நாள் மிச்சம்” என்று அழுதாள், அதன்பின் அவள் ஆலயத்துக்கு வருவதில்லை, கவுண்டருக்குப் பின்னால் நிமிராமல் முத்திரை குத்திக்கொண்டிருக்கிறாள். அவள் தலையில் இருப்பது என் சுமை. ஏழு வாரமாகிறது. குழாய் சொட்டினால் எனக்கு அந்தச் சத்தம்தான், மாடியில் யாராவது நாற்காலியை இழுத்தால் அந்தச் சத்தம்தான், ஆலயத்தில் ஆமென் தாத்தா கைத்தடியை ஊன்றினால் பாட்டு மறந்துபோகிறது. யாரும் தட்டாதபோதும் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பார்க்கிறேன், திரும்பி வந்தால் அப்பா நாற்காலியைத் தள்ளிப் போடுகிறார்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு வாரம். தினமும் நான் வருகிறேன், முறை என்று இல்லை. அவருக்கு இப்போது அந்த ஸ்கேல்தான் வாய். கட்டிலில் ஒருமுறை தட்டினால் விளக்கை அணை, இரண்டு தட்டினால் தண்ணீர், மூன்று தட்டினால் தூக்கி உட்கார வை. ஒவ்வொரு தட்டுக்கும் என் உடம்பு ஒருமுறை தூக்கிப் போடுகிறது. முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வருகிறேன், துடைத்து, ஊட்டி, துணி மாற்றிவிட்டுச் சொல்லாமலே இறங்குகிறேன். அதனால்தான் இன்று உன் தங்கையைக் காகிதத்தோடு கூட்டிவந்தேன். உனக்குச் சொல்வதுபோல உரக்கச் சொல்லிவிடலாம் என்று வந்தேன். அக்கா, நீங்க தட்டினது எனக்குக் கேட்டுச்சு. நான் நின்னு கேட்டேன். கேட்டுட்டுப் போயிட்டேன். இதை இப்படியே எழுது, மாற்றாதே.

ஞாயிறு கூட்டத்தில் எழுந்து நின்று இதையே சொல்லப்போகிறேன், எனக்காக ஜெபி, ஜெபித்துவிட்டுப் போனும் பண்ணு. அங்கே முறை ஆரம்பியுங்கள், நல்ல காரியம்தான், ஆனால் பையைப் பார்த்துத் திரும்பும் ஒழுங்கு மட்டும் வேண்டாம், ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டே திரும்புங்கள். யாருக்காவது ஒரு பெல்ட் வேண்டும் என்று குறிப்பு வந்தால், கடை திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தக் கவரை நாங்கள் ஒட்டப்போவதில்லை. நாளைக்குத் தங்கை இதைத் திறந்தபடியே கவுண்டரில் கொடுப்பாள், தபால் ஆபீஸ் அக்கா படித்துவிட்டு ஒட்டட்டும். உன் கைக்கு ஒட்டி வந்தால் அது அவள் ஒட்டியது என்று தெரிந்துகொள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்துக்கொள்ளட்டும், உன் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும். ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைக்காமல் போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன, உன்னை நேசிக்கும் அம்மா
(கையெழுத்து: தங்கை)

அண்ணா, மீதி நான் பார்த்தது. அம்மா சொல்லி முடித்தபோது பெரியம்மா இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். எப்போது திரும்பினார் என்று தெரியவில்லை, எழுத்திலேயே கண்ணாக இருந்துவிட்டேன். கண்கள் திறந்திருந்தன. வெகுநேரம் அம்மாவையே பார்த்தார். அம்மா முக்காட்டைக்கூடச் சரிசெய்யாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஸ்கேல் உயர்ந்து கட்டிலில் ஒருமுறை தட்டியது. அம்மா அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தாள், நானும் விரல்விட்டு எண்ணக் காத்திருந்தேன். வரவில்லை. ஒன்றுதான். பெரியம்மா அந்த ஸ்கேலை மெல்ல நகர்த்தி அம்மாவின் மடியில் வைத்தார். தூங்கும்போதுகூட அதை அவர் கையிலிருந்து விட்டதில்லை, அது இல்லாமல் இனி எதற்கும் அவரால் யாரையும் கூப்பிட முடியாது. அம்மா அதை எடுக்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை, “நான் எங்கயும் போகல” என்று மட்டும் சொன்னாள். நான் படிக்கட்டு வெளிச்சம் விழும் வாசலுக்கு நாற்காலியை நகர்த்திக்கொண்டேன், கதவைத் திறந்தே வைத்தேன். பிறகு எழுந்துபோய் அறை விளக்கையும் மெஷினுக்கு மேலிருந்த சின்ன விளக்கையும் அணைத்தேன்.